மூன்று மீட்டர்

மாடம்பாக்கத்து மண்ணில் கொத்தமல்லி நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சுக்கான் பாறை. விதை முளைக்கும், நாலு நாளில் பழுத்துவிடும். என் கொல்லையில் அது தழைத்து நிற்பதைப் பார்த்து நேற்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். அந்த இடம் மட்டும் ஆழமாகத் தோண்டி நல்ல மண் போட்டு நிரப்பியது. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

ஏசுபாதம் சார், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நம் அலுவலகத்துப் புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், 11.2 மீட்டர் என்று இருக்கும் அளவு, மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் பிரதியில் 14.2 என்று இருக்கிறதே, எப்படி என்று கேட்டீர்கள். நான் மோர் டம்ளரை நீட்டியபோது, "எழுதிக் குடுத்துடுங்க மேடம், அவசரம் இல்ல" என்றீர்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடம் கோடு போடக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் அந்த மரியாதை என்று நினைக்கிறேன். நன்றி. இது அரசுக்குக் கொடுக்கும் விளக்கம்தான். ஆனாலும் உங்களுக்கே எழுதுவதாக வைத்துக்கொள்கிறேன். யாரோ ஒருவருக்கு என்று எனக்கு எழுத வராது.

நான் ஞானஜோதி, வயது ஐம்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. நில அளவைப் பிரிவில் இருபத்தொன்பது வருடமாக வரைவாளர். சர்வேயர்கள் வெயிலில் நின்று அளந்து கொண்டுவரும் எண்களை வரைபடத் துணியில் மையால் படமாக்குவது என் வேலை. இந்த வேலையை மற்றவர்கள் சலிப்பு என்பார்கள். எனக்குப் பிடிக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பழைய சட்டம். 1923-இல் வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் அதை வைத்துத்தான் அளக்கிறோம். அதற்கு முன்னாலும் 1860-இல் எல்லைக்குறிகளுக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. அளக்கும் முன்னால் யாருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எல்லையில் புதர் இருந்தால் யார் வெட்டித் தர வேண்டும், கல் சாய்ந்தால் யார் நிமிர்த்த வேண்டும், எத்தனை வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. தன் எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நிலத்துக்காரர் பொறுப்பு. இந்த ஒரு வரியை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். வீடு கட்டும் வரை கல்லைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், கட்டி முடித்ததும் அது புதருக்குள் போய்விடும்.

அம்மா 1998-இல் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் பக்கத்து மனையில் அயூப் பாய் வீடு கட்டினார். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். மனைவி குல்ஷன், ஒரே பெண் ரூக்சார். எங்கள் இரண்டு மனைக்கும் பின்னால் ஏரிக்குப் போகும் பழைய வாய்க்கால், அரசுப் புறம்போக்கு. இரண்டு மனையும் வாய்க்காலும் சேரும் மூலையில் ஒரே கல். நடுவில் சுவர் எழுப்ப வேண்டாம் என்று பாய் சொன்னார், கம்பி வேலி போதும் என்றார். குல்ஷன் அக்கா இரண்டே மாதத்தில் அந்தக் கம்பியை வளைத்து, பாத்திரம் நுழைகிற அளவுக்கு ஒரு வழி செய்தார்கள். பிறகு ஆள் நுழைகிற அளவுக்கு.

அதற்கு முன்னால் என் நாள் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு பஸ் பிடித்து வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். திங்கள் முதல் சனி வரை என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், அலுவலகத்தில் மேடம்தான். ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்து எழுந்து, பால்காரரிடம் பேசப்போனபோது குரல் வரவில்லை. காய்ச்சலால் இல்லை. பேசி மூன்று நாள் ஆகியிருந்தது.

குல்ஷன் அக்கா என்னை ஜோதி என்று கூப்பிட்டார்கள். நோன்பு மாதத்தில் கஞ்சி வந்தது. கிறிஸ்துமஸுக்கு என் வீட்டு அடுப்படியில் அவர்கள் கேக்குக்கு முட்டை அடித்தார்கள். ரூக்சார் எம்.ஐ.டி.யில் படித்தபோது வரைபடத் தாளை என் மேஜையில்தான் விரித்தாள். 2003-இல் அவளுக்குக் கல்யாணமாகி பெங்களூர் போனாள். அதன்பிறகு நான் தினமும் இரவுச் சாப்பாடு அங்கேதான். ஒருநாள் நேரமாகிவிட்டதென்று போகாமல் இருந்ததற்கு, "நீ வரலன்னா எங்க ரெண்டு பேருக்கும் சோறு எறங்கல ஜோதி" என்று அக்கா மறுநாள் கோபித்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் அப்படிக் கோபித்துக்கொண்டதில்லை.

2006 ஜூனில் ஒரு நாள் பாய் கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தார். ரூக்சாருக்குக் குழந்தை பிறந்திருந்தது. பட்டறையை மூடிவிட்டு, வீட்டை விற்றுவிட்டு, பெண்ணோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். ஃபிளாட் கட்டுகிறவர் ஒருவர் கேட்கிறார், பத்திரம் எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம். "மொதல்ல உங்களுக்குத்தான் மேடம் சொல்றேன். பேப்பரெல்லாம் நீங்களே ஒரு தரம் பாத்துடுங்க, அப்பதான் எனக்கு நிம்மதி" என்றார்.

பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை.

அந்த வாரமே அவர்கள் குழந்தையைப் பார்க்கப் பதினைந்து நாள் பெங்களூர் போனார்கள், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு. நான் லீவு எடுத்தேன். எல்லைக்கல்லை அசைப்பது பெண்பிள்ளையால் ஆகாத காரியம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம், நேற்று நீங்கள் யார் யாரையோ விசாரித்ததிலிருந்து அப்படித் தெரிந்தது. பொறுமை இருந்தால் போதும். சுற்றிலும் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். பகலில்தான் செய்தேன். தெருவில் போனவர்கள் நான் தோட்டவேலை செய்கிறேன் என்று நினைத்தார்கள். கல் வெளியே வர இரண்டு நாள். அதை உருட்டிக்கொண்டு போய், வீடுகள் இருக்கும் பக்கமாக மூன்று மீட்டர் உள்ளே நட ஒரு நாள். பழைய குழியில் ஒரு லோடு வண்டல் வாங்கிக் கொட்டி, கொத்தமல்லி விதைத்தேன். லீவு முடிந்து அலுவலகம் போய், 14.2-இல் இருந்த நாலை பிளேடால் சுரண்டி ஒன்றாக்கினேன். அது ஐந்து நிமிட வேலை.

கல் உள்ளே வந்ததும் எல்லைக்கோடு சாய்ந்துவிட்டது. அயூப் பாய் வீட்டின் சமையலறையும், துணி துவைக்கும் இடமும் வாய்க்கால் புறம்போக்கில் போய் விழுந்தன. என் கொல்லையிலும் ஒரு துண்டு போயிற்று. அது நல்லதாகப் போயிற்று. நஷ்டப்பட்டவளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வாங்க வந்தவரின் ஆள் டேப்பும் நகலுமாக வந்து அளந்தார். கல்லும் படமும் ஒத்துப்போயின, வீடுதான் ஒத்துப்போகவில்லை. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டிய வீட்டை யார் வாங்குவார்கள்? அவர் மறுபடி வரவேயில்லை. பாய் ஒரு வாரம் பட்டறைக்குப் போகவில்லை. பிறகு என்னிடம் வந்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். மனு போடலாம் என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் அவருடைய மனுக்கள் எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். நல்ல மனுக்கள். பிரிவு எண், தேதி, எல்லாம் சரியாக இருக்கும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு சர்வேயர் வருவார், நான் எடுத்துக் கொடுக்கும் படத்தை வைத்து அளப்பார், கல் சரியான இடத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். எல்லை முடிவாகி மூன்று வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும், அந்தக் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது என்று பாய்க்கு விளக்கினேன். அது சட்டப்படி உண்மை. நான் சொன்னதில் பெரும்பாலானவை உண்மைதான்.

அந்த இரண்டு வருடம்தான் என் வாழ்க்கையில் நன்றாக இருந்தது. சாயங்காலம் மூன்று பேரும் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். அக்கா டீ போடுவார்கள். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அரை நூல் தப்புனாக்கூட எங்க லைன்ல அந்த வேல குப்பைக்குத்தான் மேடம். இன்னா கவர்மெண்டோ" என்பார். ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஆறு நாளும் நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தவறாமல் வாங்கி வைத்ததும் நான்தான்.

2008 மார்ச், இரண்டாம் சனிக்கிழமை. குல்ஷன் அக்கா பல்லாவரத்தில் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தார்கள். பாய்க்கு அலைச்சல் ஆகாதென்று வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பத்தரை மணி இருக்கும். வேலி வழியாக வந்தார், கையில் ஒரு போட்டோ. வீடு குடிபுகுந்த அன்று கொல்லையில் எடுத்தது. ரூக்சார் ஒரு தென்னங்கன்றை நட்டுக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் எல்லைக்கல்.

"இத்த கொஞ்சம் பாருங்க மேடம். கன்னு எங்க கீது, கல்லு எங்க கீது? கைய நீட்னா தொட்டுடலாம். இப்ப போயி பாருங்க, ரெண்டுக்கும் பத்தடி கீது. மரம் நடக்காது."

நாங்கள் படத்தில் தென்னங்கன்றை எல்லாம் குறிப்பதில்லை. அதனால் எனக்கு அது தோன்றவேயில்லை.

அவருக்கு என்மேல் சந்தேகம் இல்லை. விலையைக் குறைப்பதற்காக ஃபிளாட்காரர் செய்த வேலை என்றே நினைத்தார். பழைய குழி என் பாத்தியில்தான் இருக்க வேண்டும், தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கடப்பாரையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

உடம்பு முடியாதவர். நல்ல வெயில். முதலில் பாத்திக்கு வெளியே குத்தினார், கடப்பாரை பாறையில் மோதித் தெறித்தது. பாத்திக்குள் குத்தினார். ஒரு முழம் உள்ளே போனது. கையால் மண்ணை அள்ளிப் பார்த்தார். கருப்பு வண்டல். கொஞ்ச நேரம் அதைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தப் பாத்தி எப்ப போட்டீங்க மேடம்?"

நேராகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். "நீங்க பெங்களூர் போயிருந்தப்போ" என்றேன்.

கடப்பாரையைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார். "நீங்க போயிடுவீங்கன்னு" என்றேன். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு வருசமா நீங்கதான மேடம் மனு எழுதிக் குடுத்தீங்க" என்று மட்டும் சொன்னார், தனக்குத்தானே கணக்குச் சரிபார்ப்பதுபோல.

பிறகு அவர் முகத்தில் வேர்வை வந்த விதம் மாறியது. இடது கையை மார்போடு பிடித்துக்கொண்டார். மாத்திரை பிரிட்ஜ் மேலே இருக்கிறது என்றார். எனக்குத் தெரியும், வைத்ததே நான்தான். கொல்லையிலிருந்து அந்த பிரிட்ஜுக்கு முப்பத்தெட்டு அடி. என் வீட்டுப் போனுக்கு இருபத்தொன்று.

நான் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிழைத்து எழுந்தால் சாயங்காலம் அக்காவிடம் சொல்வார். அக்கா வேலியை அடைப்பார்கள். அதை மட்டும்தான் யோசித்தேன். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை மாத்திரை கேட்டார். முதல் இரண்டு தடவையும் மேடம் என்றார். மூன்றாவது தடவை, "தங்கச்சி, மாத்திர" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

இருபது நிமிடம் ஆயிற்று. அதன்பிறகு குழியை மூடி, பிடுங்கிய செடிகளைத் திரும்ப நட்டு, தண்ணீர் ஊற்றினேன். போட்டோவை என் பைபிளுக்குள் வைத்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறது, இத்துடன் இணைத்திருக்கிறேன். கடப்பாரையைக் கழுவினேன். பிறகு போன் செய்தேன்.

பாத்தி கொத்த எனக்கு உதவ வந்தவருக்கு வலி வந்துவிட்டது என்று சொன்னேன். குல்ஷன் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார்கள். "கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியே ஜோதி. தனியா போகலயே அவரு" என்றார்கள். அது சரிதான். நான் கையை விடவில்லை.

கணவர் இறந்தபின் வீட்டிலேயே இருக்க வேண்டிய இத்தா முடியும்வரை நாலு மாதம் பத்து நாள் அக்கா வெளியே வரவில்லை. கடை, பேங்க், ரேஷன், எல்லாம் நான். முடிந்ததும் ரூக்சார் வந்து அழைத்தாள். ஆள் இல்லாமல் பூட்டிக்கிடந்தால் அதிகாரிகள் வந்து இடித்துவிடுவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். ரூக்சாரிடம், அம்மாவுக்கு இந்த வீட்டை விட்டு வர மனசில்லை, வற்புறுத்தாதே என்று சொன்னேன். அக்காவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. மகளின் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். சில வரிகளை விட்டுவிடுவேன், வருத்தப்படுவார்களே என்று. சமையலறை அரசு நிலம் என்பதால் அதைப் பூட்டிவிட்டு, ஆறு மாதமாக என் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒரே அடுப்பு.

ரூக்சார் கெட்டிக்காரி. அப்பா பிள்ளை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு மாவட்டப் பிரதியை வாங்கியிருக்கிறாள். அதனால்தான் நீங்கள் புது மெஷினோடு வந்தீர்கள். அதில் மூன்று மீட்டர் தெரியும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் முக்காலியை வைக்கும்போதே உங்களுக்கு மோர் கலக்கப் போய்விட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: எண்ணைத் திருத்தியது நான், கல்லை நகர்த்தியது நான். அரசு நட்ட எல்லைக்குறியை நகர்த்துவதற்குத் தண்டனைச் சட்டம் 434, ஓராண்டு வரை சிறை. ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கேட்காததற்கும் பதில் எழுதிவிட்டேன். அயூப் பாய் அன்று பிழைத்திருப்பார். மாத்திரை அங்கே இருந்தது, நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவர் சாகும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்கு எந்தப் பிரிவு என்று நீங்கள்தான் விசாரித்துப் போட வேண்டும். அது என் பாடம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். போலீஸோடு நீங்கள் வரும்போது குல்ஷன் அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். நான் அவர்கள் பக்கத்தில் வந்து உட்காரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டால் உடைந்துபோவார்கள். பிடித்துக்கொண்டு அழுவதற்கு என்னைத் தவிர அவர்களுக்கு இங்கே யாரும் இல்லை.